வல்லநாட்டு மலையிலிருந்து கடல் தெரியுமா?

"உஷ்" என்றார் ஸ்டெல்லா டீச்சர். வகுப்பு மொத்தமும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தது. உடைமுள் ஒன்று என் தாவணியைப் பிடித்துக்கொண்டது. எடுத்தால் சத்தம் கேட்குமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

எதிரே செம்மண் வெளியில் ஆண் மான் ஒன்று நின்றது. முதுகு நல்ல கறுப்பு, வயிறு வெள்ளை. கொம்பு இரண்டும் திருகித் திருகி மேலே போயிருந்தன. அதற்குப் பின்னால் பெண் மான்கள் சில, எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மானைப் பெற்று வளர்த்ததே தான்தான் என்பதுபோல ஒரு பெருமை. எல்லோரும் ஒழுங்காக மானைப் பார்க்கிறோமா என்று திரும்பி ஒரு நோட்டம் விட்டார்.

ஜெனோவா மட்டும் பார்க்கவில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் கழுத்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. மலையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, மான் அங்கன நிக்கு. நீ எங்க பாக்க?" என்று அவள் காதில் கேட்டேன்.

"மேல ஏறுததுக்கு வழி எங்கன இருக்கும்?" என்றாள்.

கருவாட்டுக்குத் தடை

எங்கள் கடைப் பருப்பு மூட்டைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடையையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகவே இல்லையா நீங்கள்?" போனோம் அம்மா, போனோம். பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போயிற்று.

எங்கள் கான்வென்ட்டில் அதைச் சுற்றுலா என்று சொன்னால் சிஸ்டர்களுக்குக் கோபம் வரும். கல்விப் பயணம் என்று சொல்ல வேண்டும். போய்விட்டு வந்து ஒரு பக்கத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும். கலங்கரை விளக்கம், ஐஸ் கம்பெனி, பிறகு கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் வரலாற்று டீச்சர் வருஷம் தவறாமல் ஒரே இடத்தில் குரல் தழுதழுப்பார். நாங்களும் வருஷம் தவறாமல் ஒரே இடத்தில் சிரிப்பை அடக்குவோம்.

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் ஜில்லா நாசரேத்துக்காரர். அறிவியல் எடுக்கப் புதிதாக வந்தவர். "கடலையே பாத்து வளந்த பிள்ளைங்க நீங்க. ஒரு நாளாவது காட்டைப் பாக்க வேண்டாமா?" என்று ஹெட்மிஸ்டரஸ் சிஸ்டரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கிவிட்டார். வல்லநாட்டு மலையடிவாரம் இன்றைக்குச் சரணாலயம். எழுபதுகளின் நடுவில் அந்தப் பெயரெல்லாம் கிடையாது. காப்புக்காடு, அவ்வளவுதான். காவலுக்கு வனத்துறை கார்டு ஒருவர், அவருக்கு ஒரு காக்கித் தொப்பி.

டீச்சர் இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, யாரும் கருவாடு கொண்டுவரக் கூடாது. மான் மோப்பம் பிடித்து ஓடிவிடும். தூத்துக்குடிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! ஊரை அடுத்த புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் நெத்திலிக் கருவாட்டு வாசனை கமகமத்தது. யாரோ ஒருத்தி தயிர்ச்சோற்றுக்கு அடியில் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "சாப்பிடும்போது எனக்கும் ஒரு துண்டு வரணும்" என்றார்.

இரண்டாவது கட்டளை, ஜோடி ஜோடியாகத்தான் நடக்க வேண்டும், ஜோடி பிரியக் கூடாது. என் ஜோடி ஜெனோவா.

தண்டல் வீடு

ஜெனோவாவின் அப்பா சந்தியாகு தண்டல். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். பாய்மரத் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோய்த் திரும்புவது அவருடைய தொழில். எங்கள் கடை மூட்டைகளும் அவருடைய தோணியில் போனதுண்டு. கடைக்கு வந்தாரென்றால் அப்பாவோடு அரை மணி நேரம் அரட்டை. பேச்சு தெருமுனைவரை கேட்கும். காற்றோடு போட்டி போட்டுப் பேசிய தொண்டை என்று அப்பா கேலி செய்வார்.

ஒரு தடவை நான் அவரிடம் கேட்டேன், கொழும்பிலிருந்து வரும்போது முதலில் கண்ணில் படுவது மாதா கோவில் கோபுரமா, கலங்கரை விளக்கமா என்று.

"ரெண்டுமில்ல பிள்ள. வல்லநாட்டு மலைதான்! கரையே தெரியாது, அதுக்கு முந்தியே அந்த மலை மட்டும் நீலமா எந்திச்சு நிக்கும். அதப் பாத்துட்டா பயலுவ பாட ஆரம்பிச்சிருவானுவ. வீடு வந்துட்டுன்னு அர்த்தம்லா" என்றார்.

ஜெனோவா இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் மலையைக் கண்டதில்லை. அவர்கள் தெருவிலிருந்து பார்த்தால் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் வீட்டுச் சுவர்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் தோணி கொழும்பிலிருந்து புறப்பட்டது. மறுநாள் புயற்காற்று கடலைப் புரட்டிப் போட்டது. தோணி வரவில்லை. தண்டலோடு அதே தெருவைச் சேர்ந்த நாலு பேர் இருந்தார்கள். தேடப் போன வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பின. ஒரு மரப்பலகைகூட எங்கேயும் ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றுமே கிடைக்காததால்தான் நம்பிக்கை என்ற அந்தப் பாழாய்ப்போன சாமான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

காற்று மாலத்தீவுப் பக்கம் தள்ளியிருக்கலாம் என்றார்கள். அப்படித் தள்ளப்பட்டு மாசக்கணக்கு கழித்து வந்து சேர்ந்தவர்களும் உண்டுதான். காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் தன் ஆட்களைவிட்டு அங்கே விசாரித்துப் பார்த்தார். தகவல் ஒன்றும் வரவில்லை.

கடலில் போனவரின் உடம்பு கிடைக்காவிட்டால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கோவிலில் வெறும் தூம்பாவை வைப்பார்கள். தூம்பா என்பது சவம் சுமக்கும் மரப்பெட்டி. அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி, ஆள் உள்ளே இருப்பதுபோலவே பூசை நடக்கும். அது முடிந்தால்தான் செத்தவர் செத்தவர். அதுவரைக்கும் அவர் பயணத்தில் இருப்பவர்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் நாலு வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பூசை வைத்துவிட்டார்கள். ஜெனோவாவின் அம்மா மிக்கேலம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். கலர் சேலை, கழுத்தில் தாலி, தலையில் பூ. எப்போதும்போலத் தெருக் குழாய்க்கு வந்தார், போனார்.

ஒரு நாள் குழாயடியில் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைச் சேலையில் நின்ற ஒருத்தி குடத்தை ணங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்: "எங்க வீட்டு ஆம்பளையளும் அதே தோணிலதான போனாவ? ஒன் மாப்பிளைக்கு மட்டும் தனிக் கடலா இருக்கு?"

மிக்கேலம்மா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். யார் பக்கம் பேசுவது? இரண்டு பேருமே பாவம்தான்.

அவர்கள் போட்ட கணக்கு

கல்விப் பயணத்தன்று விடிந்ததும் ஜெனோவாவைக் கூப்பிடப் போனேன். தோணி போனதிலிருந்து மிக்கேலம்மா மகளைப் பள்ளிக்கூடம் தவிர எங்கும் விட்டதில்லை. இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு ஆச்சரியம். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மல மேல ஏற வுடுவாவளா?"

"மான் பாக்கத்தாம்மா போறோம். மான் கீழதான மேயும்."

"அது செரி. மல நல்ல பெருசோ?"

"பெருசுதாம்மா. திருநெல்வேலி போகும்போது பஸ்ல பாத்திருக்கேன்."

"உச்சில நின்னா கடல் தெரியுமாளா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டினார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடலிலிருந்து மலை தெரிகிறதென்றால் மலையிலிருந்து கடல் தெரியும். கடலில் இருக்கிற ஆளும் தெரிவார். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் புத்தி இப்படி ஓடாது. எங்களுக்கு மலை மலைதான், கடல் கடல்தான். கரைக்கு வருகிறவன் கண்ணால் மலையைப் பார்த்துப் பழகிய வீட்டில்தான் இப்படி ஒரு தப்புக் கணக்கு பிறக்கும்.

உச்சியில்

டீச்சரும் கார்டு அண்ணாச்சியும் ஒரு மரத்தடியில் எல்லோரையும் சாப்பிட உட்காரவைத்தார்கள். கருவாட்டுத் துண்டு டீச்சருக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஜெனோவா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா" என்றாள்.

ஜோடி பிரியக் கூடாது என்ற கட்டளையை அன்றைக்கு நான் ஒருத்திதான் சரியாகக் கடைப்பிடித்தேன். வழி என்று ஒன்று கிடையாது. கல்லும் கள்ளியும் உடைமுள்ளும்தான். என் செருப்பு வார் அறுந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. போதும் வாளா என்று கெஞ்சினேன், திட்டினேன், கொஞ்சம் அழுதும் பார்த்தேன். அவள் காதிலேயே விழவில்லை. பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"காத்து இல்லாம எங்கனயாவது நின்னுட்டு இருப்பாவ. மேலருந்து பாத்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிரும்லா? போய்ச் சொன்னா வள்ளத்துல போய் இழுத்துட்டு வந்துருவாவ."

மூன்று மாசமாக நடுக்கடலில் காற்றுக்காக ஒரு தோணி நிற்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் நம்பினேன். முழுசாக நம்பினேன். அதற்குப் பிறகு நான் அவளைவிட வேகமாக ஏறினேன்.

உச்சியில் காற்று எங்களை நிற்கவிடவில்லை. ஒரு பக்கம் தாமிரபரணியும் வாழைத் தோட்டங்களும். கிழக்கே பனங்காடு, அதைத் தாண்டி ஒரே மங்கல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு பிரிந்தது. அதுதான் கடல். எங்கள் கடல் இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

"பாய்! ஏளா, பாய் தெரியுதுளா!"

ஜெனோவா கையை நீட்டிய இடத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கமாக வெள்ளை வெள்ளையாய்ப் பளபளவென்று மின்னியது. ஒன்றல்ல, வரிசையாக. அவள் பாறையின் விளிம்புக்கு ஓடினாள். தாவணி முந்தியை அவிழ்த்துப் பிடித்து வீசினாள். "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன். காற்று எங்கள் சத்தத்தை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் கை தாழ்ந்தது. அந்த வெள்ளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையலயே" என்றாள். "இந்தக் காத்துக்குப் பாய்னா இந்நேரம் எடம் மாறியிருக்கணும்லா."

பிறகு அவளே சொன்னாள்.

"உப்பு. அளத்துல குமிச்சுப் போட்டிருக்க உப்புளா அது."

முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். வீட்டுயரத்துக்குக் குவித்திருக்கும் உப்பே இங்கிருந்து பொட்டாகத்தான் தெரிகிறது. அதுவும் கரையிலேயே இருக்கிற உப்பு. அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அவள் தண்டல் மகள்.

ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு இந்த மல தெரிஞ்சிருக்குமாளா? இதப் பாத்த பொறவா முங்குச்சு, பாக்க முந்தியா?"

முங்குச்சு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வயதாகிவிட்டது, இப்போது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது.

டீச்சரும் கார்டு அண்ணாச்சியும் மூச்சு வாங்க மேலே வந்தார்கள். டீச்சரின் சேலை முழுக்கக் கிழிசல். அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டேதான் வந்தார்.

"பாம்பு கீம்பு கடிச்சிருந்தா ஒங்க அம்மாக்கு நான் என்ன பதில் சொல்ல..." என்று ஆரம்பித்தவர், ஜெனோவாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் பார்த்தார். தோணி விஷயம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சர், இங்கனேருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் ஜெனோவா.

எந்தக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்கிற டீச்சர், முள்ளென்றும் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கார்டு அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார்.

முள்

இதையெல்லாம் எழுதலாமா என்று ஜெனோவாவிடம் போனில் கேட்டேன். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருக்கிறாள். "எழுதுளா. ஆனா எங்கம்மா அழுதான்னு மட்டும் எழுதிராத. அவ அழல" என்றாள். உண்மைதான். நான் பார்த்தேன், அழவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் எங்கள் இருவரையும் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார். மிக்கேலம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் தெரியுதும்மா" என்றாள் ஜெனோவா.

"ம்."

"கடல்ல இருக்கவுகளத் தெரியாதும்மா. ரொம்ப தூரம். யாரு ஏறிப் பாத்தாலும் தெரியாது."

மிக்கேலம்மா தலையை ஆட்டினார். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாதமெல்லாம் முள். ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்குப் போகத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

குனிந்த தலையை நிமிர்த்தாமலே மிக்கேலம்மா கேட்டார்.

"அவுகளுக்கு மல தெரிஞ்சிருக்கும்லா?"

மலையுச்சியில் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டவள் ஜெனோவா. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சிருக்கும்மா. நல்லாத் தெரிஞ்சிருக்கும். எவ்ளோ பெரிய மல! எங்கனேருந்து பாத்தாலும் தெரியும்" என்றாள்.

"அதான" என்றார் மிக்கேலம்மா. அடுத்த முள்ளை எடுத்தார்.

பதினாலு வயதுப் பெண் தன் தாய்க்குத் தாயாக மாறியதை நான் அந்த வாசலில் பார்த்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுச்சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

மணி

மானைப் பற்றிய கட்டுரையை அந்த வாரமே எழுதச் சொன்னார்கள். எல்லோரும் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு என்று எழுதினோம். ஜெனோவா என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. டீச்சரும் அவளிடம் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை. ஸ்டெல்லா டீச்சர் போர்டில் பூவின் படம் போட்டுக்கொண்டிருந்தார். மாதா கோவிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு, ஒவ்வொன்றாக.

எங்கள் பள்ளியில் துக்க மணி கேட்டால் பாடம் நின்றுவிடும். யாருக்கு மணி என்று டீச்சர் கேட்பார். தெரிந்த பிள்ளை எழுந்து சொல்லும். அந்த ஆத்துமாவுக்காக எல்லோரும் முழங்காலிட்டு ஜெபம் சொல்வோம். ஸ்டெல்லா டீச்சர் வேறு சபைக்காரர் என்றாலும் இந்த வழக்கத்தை மாற்றியதில்லை.

"யாருக்கும்மா மணி?" என்று கேட்டார்.

கடற்கரைத் தெருப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் யாரும் சீக்காகக் கிடக்கவில்லை. அன்று காலையில் வரும்போது எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மிக்கேலம்மா தூம்பாப் பூசைக்குச் சொல்லக் கோவில் சாமியாரைப் பார்க்கப் போயிருக்கிறார். போகும்போது மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெனோவா எழுந்து நின்றாள்.

"எங்க அப்பாவுக்கு, டீச்சர்" என்றாள்.